டேக் யாருடையது? வேலூர் கிளான்கள் இரண்டின் வம்சாவளி: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரில் இரண்டு கிளான்கள், அதாவது கணினி, செல்போன் விளையாட்டுகளை அணியாகச் சேர்ந்து ஆடும் குழுக்கள், ஒரே டேக்கைச் சொந்தம் கொண்டாடுகின்றன. டேக் என்பது ஆட்டக்காரர்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் அணி அடையாளம். ஒன்று காட்பாடி காந்தி நகர்க்காரர்களுடையது. இன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா ஆடுகிறது. மற்றது சத்துவாச்சாரிக்காரர்களுடையது; கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. இரு தரப்பிலும் மூத்தவர்களுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கடன் தவணை கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் "மூத்த அணி எது" என்ற பேச்சை எடுத்தால் பங்காளிச் சண்டைதான். பிரித்துக்கொள்ளச் சொத்து எதுவும் கிடையாது. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதுபோல ஒரு வழக்கு.

வழக்கு என்னிடம் வந்த காரணம் எளியது. இரு தரப்பும் சேர்ந்து பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டம் ஒன்றை ஆடத் தீர்மானித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஜெர்சி. அதில் டேக்கும் அணி தொடங்கிய ஆண்டும் அச்சாக வேண்டும். காட்பாடி 2002 என்றது, சத்துவாச்சாரி 2004 என்றது. அச்சகத்துக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தரவு மீட்பது என் தொழில். இரு தரப்பிலும் எனக்கு நெருங்கிய நண்பர்கள் கிடையாது. இந்த இரண்டு தகுதிகளையும் வைத்து என்னை மத்தியஸ்தன் ஆக்கினார்கள்.

டேக்கை இங்கே எழுதவில்லை. இரண்டு எழுத்துகளும் 23 என்ற எண்ணும் சேர்ந்தது என்பது போதும். அந்த 23ஐ இரு தரப்பும் பெரிய ஆதாரமாக நீட்டினார்கள். வேலூர் வண்டிகளின் பதிவெண் டிஎன் 23இல் தொடங்குகிறது. இந்த ஊர்ப் பையன்கள் எந்த அணியைத் தொடங்கினாலும் பெயரில் 23 வரும், இல்லாவிட்டால் தொலைபேசிக் குறியீடான 0416 வரும். ராணிப்பேட்டைப் பையன்கள் 73 போட்டுக்கொள்வார்கள். இவை ஊரைக் காட்டும் அடையாளங்கள். வம்சத்தைக் காட்டுபவை அல்ல. எனவே 23ஐ முதல் நாளே ஓரம் கட்டினேன். மீதமிருந்த இரண்டு எழுத்துகள்தான் விஷயம். அவை தற்செயலாக இரண்டு இடத்தில் முளைக்கிற எழுத்துகளாகத் தெரியவில்லை.

எதை வைத்து அளப்பது

கிளான் என்பது இந்த விளையாட்டுகளில் புதிய சங்கதி கிடையாது. 1996இல் குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்து, இணையம் வழியாக எதிரியைச் சுடலாம் என்று ஆனபோதே ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து பெயருக்கு முன்னால் அடையாளம் போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ஹாஃப்-லைஃப் விளையாட்டின்மேல் கட்டிய கவுன்டர் ஸ்ட்ரைக், ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கை நிலைநிறுத்தியது. ஐவர் அணி என்பதால் தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பத்து சிஸ்டம், அவற்றை இணைக்க நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், ஒரு யுபிஎஸ். இவ்வளவு இருந்தால் போட்டி நடத்தலாம், இணையமே வேண்டியதில்லை.

ஓர் அணி அதே அணியாகத் தொடர்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? டேக்கை வைத்தா, விளையாட்டுக்குள் இருக்கும் கணக்கை வைத்தா, ஆட்களை வைத்தா? டேக்கை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். கணக்கைக் கைமாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆட்களை வைத்து அளப்பதே முறை என்று நான் முதலிலேயே எழுதிக் கொடுத்து, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினேன். இதற்கு முன்மாதிரியும் உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக்கின் மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில், ஐவரில் மூவர் சேர்ந்தே தொடர்ந்தால் சென்ற முறை ஈட்டிய இடம் அந்த மூவருக்கே என்று அந்த விளையாட்டை வெளியிடும் வால்வ் நிறுவனம் விதி வைத்திருந்தது. சம்பளம் கொடுக்கிற நிறுவனத்துக்கு அந்த இடம் போகாது. அதே அளவுகோலை நானும் எடுத்துக்கொண்டேன்: ஐவரில் மூவர்.

காட்பாடி தரப்பு சட்டென்று ஒப்புக்கொண்டது. சத்துவாச்சாரி தரப்பில் ஒருவர் மட்டும், "அப்படியென்றால் தலைவருக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டார். அவர்தான் தலைவர்.

2002: ஒரு புகைப்படம்

காட்பாடியின் முதல் ஆதாரம் ஃபிலிம் கேமராவில் எடுத்த ஒரு புகைப்படம். குண்டு மானிட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஐந்து பையன்களில் நால்வர் கழுத்தைத் திருப்பிக் கேமராவைப் பார்க்கிறார்கள். ஒருவன் மட்டும் ஆட்டம் முடியாததால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிற எண்களில் தேதி பதிந்திருக்கிறது, ஆண்டு 02.

பையன்களை விட்டுவிட்டு மானிட்டர்களைப் பார்த்தேன். மூன்றாவது மானிட்டரில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுப் பாதித் திரை வெளுத்திருக்கிறது. மீதிப் பாதியில், நடுவே சிறு கண்ணாடித் துளை வைத்த ஒரு கறுப்புக் கேடயத்தை ஆட்டக்காரன் முன்னால் பிடித்திருக்கிறான். போலீஸ் தரப்பு மட்டுமே வாங்கக்கூடிய கேடயம் அது. கலீல், ஃபமாஸ் என்ற இரண்டு துப்பாக்கிகளோடு சேர்ந்து அந்தக் கேடயம் வந்தது கவுன்டர் ஸ்ட்ரைக்கின் 1.6 பதிப்பில். 2002 ஜூனில் வெளிவந்தது 1.5 பதிப்பு, அதில் கேடயம் கிடையாது. 1.6 முறையாக வெளியானது 2003 செப்டம்பரில், வால்வின் இணைய விளையாட்டுத் தளமான ஸ்டீமோடு. அதன் சோதனைப் பதிப்பு சில மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தாலும், 2002இல் எடுத்த படத்தில் கேடயம் இருக்க வழியே இல்லை. அந்தச் சோதனைப் பதிப்பைத் தேடி இறக்குகிற அளவுக்கு அன்றைய காட்பாடியின் டயல்-அப் இணைப்பு தாங்கியிருக்கும் என்றும் தோன்றவில்லை. தேதி அச்சிடும் அந்தக் காலத்துக் கேமராக்களில் பேட்டரியை மாற்றினால் தேதியைக் கையால் திருத்த வேண்டும். திருத்தியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

படத்தில் இருக்கும் ஐவர் யார் என்பதைப் பிறகு பார்ப்போம். அப்போதைக்கு ஒன்று உறுதியாயிற்று: இந்தப் படம் 2003க்கு முந்தியது கிடையாது.

சத்துவாச்சாரியின் 2004க்கு ஆதாரம் ஒரு நினைவு மட்டுமே. "ஆர்குட்டில் குழு தொடங்கினோம், அந்த வருடமே அணியும் தொடங்கியது." ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2004 ஜனவரியில் வந்தது உண்மை. ஆனால் அப்போது ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் அழைத்தால்தான் உள்ளே நுழைய முடியும். சத்துவாச்சாரிப் பள்ளி மாணவர்களுக்கு அந்த ஆண்டே அழைப்பு வந்ததா? வந்திருக்கலாம். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டை மூடிவிட்டார்கள். கேட்டுச் சரிபார்க்க அங்கே இப்போது யாரும் இல்லை.

கடைக்காரரின் டிஸ்க்

இரு தரப்பும் தங்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயம் கடை. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர். காட்பாடிப் பையன்கள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வருவார்கள், சத்துவாச்சாரிப் பையன்கள் வேறு திசையிலிருந்து வருவார்கள். கடைக்கு அவர்கள் இருவருமே அசலூர்க்காரர்கள். அக்கம்பக்கத்துப் பையன்களுக்குத்தான் அங்கே சொந்தக்காரன் தோரணை.

கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் போனபோது யுபிஎஸ் பேட்டரிச் செலவே வருமானத்தைத் தின்றது என்கிறார் கடைக்காரர். மீதியைச் செல்போன் பார்த்துக்கொண்டது. இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து கொடுக்கிறார். வாடிக்கையாளர் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டேன். சைபர் கஃபே நடத்துவோர் வந்து போகிறவர்களின் அடையாளத்தைக் குறித்து, அந்தப் பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2011இல் வந்த மத்திய அரசு விதி. "ஒரு வருடம் வைத்திருந்தேன் தம்பி. அதற்கு மேல் பழைய பேப்பர்க்காரன் வைத்திருந்தான்" என்றார்.

ஆனால் சர்வர் வைத்திருந்த சிஸ்டத்தின் 40 ஜிபி டிஸ்க்கை அவர் தூக்கிப் போடவில்லை. பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தபோது அதன் உலோகத் தகட்டின்மேல் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆயுத பூஜையன்று பெட்டிக்குப் பொட்டு வைப்பது எல்லோரும் செய்வது. பெட்டியைத் திறந்து டிஸ்க்குக்கும் வைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். டிஸ்க் படித்தது. வந்த புண்ணியம் குங்குமத்துக்கா, கடைக்காரர் அதைச் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்கா என்று தெரியவில்லை. முழுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மூல டிஸ்க்கை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளே சர்வரின் பதிவுக் கோப்புகள் வரிசையாக இருந்தன. இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கே இங்கேதான் திரும்பியது.

ஹாஃப்-லைஃப் சர்வர் எழுதும் பதிவுக் கோப்பின் பெயர் 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து மாதத்துக்கு இரண்டு இலக்கம், நாளுக்கு இரண்டு, கடைசியில் வரிசை எண் மூன்று இலக்கம். பெயரில் ஆண்டு கிடையாது. ஆண்டு கோப்புக்குள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும், அதுவும் மாதம், நாள், ஆண்டு என்ற அமெரிக்க வரிசையில். நம் கண்ணுக்கு 03/04 என்றால் ஏப்ரல் 3. அங்கே அது மார்ச் 4. அதற்குப் பிறகு யார், எந்த அணியில் இருந்து, யாரை, எந்தத் துப்பாக்கியால் சுட்டார் என்ற விவரம். ஆட்டக்காரர் பேசித் தட்டிய வாக்கியங்களும் பதிவாகும். ஸ்டீம் அடையாள எண் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான், "லேன்" என்று. உள் வலையமைப்பில் மட்டும் ஓடும் சர்வர் எல்லோரையும் அப்படித்தான் பதிந்துகொள்ளும். ஆளை எண்ணை வைத்துப் பிடிக்க முடியாது.

முதல் கோப்பைத் திறந்ததும் காட்பாடித் தரப்புக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தேதி 01/01/2002. அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும். நூற்றுக்கணக்கான கோப்புகள் 2002 ஜனவரி 1 அன்று எழுதப்பட்டிருந்தன.

ஒரே நாளில் எப்படி அத்தனை ஆட்டம் நடக்கும்? நேரத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். பல கோப்புகள் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் தொடங்குகின்றன. புத்தாண்டு இரவு பன்னிரண்டே காலுக்கு இந்தச் சந்தில் யாரும் கடை திறந்து வைத்திருக்கவில்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். மதர்போர்டில் கடிகாரத்துக்கென ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால், மெயினை அணைத்துப் போடுகிற ஒவ்வொரு முறையும் கடிகாரம் தொழிற்சாலையில் வைத்த தேதிக்கே திரும்பிவிடும். இந்தப் பெட்டிக்கு அந்தத் தேதி 2002 ஜனவரி 1, நள்ளிரவு. காலையில் கடை திறந்து சிஸ்டத்தைப் போட்டால் அதற்குப் புத்தாண்டு பிறக்கும். இரவு அணைத்தால், மறுநாள் காலை மறுபடியும் அதே புத்தாண்டு. போதாததற்கு இந்தக் கோப்புகளின் முதல் வரியிலேயே சர்வரின் பதிப்பு எண் இருக்கிறது, எல்லாமே 1.6 காலத்து எண்கள்.

தேதி பொய் என்றாகிவிட்டது. அதனால் கோப்புகள் பயனற்றவை என்று சத்துவாச்சாரித் தரப்பு சொல்லத் தொடங்கியது. அதுவும் தவறு. புதிய கோப்பு திறக்கும்போது சர்வர் 000இலிருந்து எண்ணிப் பார்த்து, காலியாக இருக்கிற முதல் எண்ணை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கிற கோப்பின்மேல் எழுதாது. ஒவ்வொரு மேப், அதாவது ஆட்டக் களம், மாறும்போதும் ஒரு கோப்பு. எனவே தேதி நூறு முறை பின்னால் ஓடினாலும் வரிசை எண் முன்னால்தான் போகும். கடிகாரம் சொல்லாத காலவரிசையை அந்த மூன்று இலக்கங்கள் சொல்லிவிட்டன. எந்த ஆண்டு என்று தெரியாது, எது முன்னால் எது பின்னால் என்று நிச்சயமாகத் தெரியும். நடுவில் யாராவது கோப்புகளை அழித்திருந்தால் காலியான எண்கள் மறுபடி நிரம்பிக் குழப்பியிருக்கும். பதிப்பு எண்கள் எங்கும் பின்வாங்காமல் ஏறுமுகமாகவே போவதால் அப்படி நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு கட்டத்தில் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தேதிகள் ஒழுங்காக ஓடுகின்றன. அப்படி வரும் முதல் ஆண்டு 2006. அந்தத் தேதிகளையும் சும்மா நம்பக் கூடாதல்லவா? ஒரு சாட்சி கிடைத்தது. 2007 செப்டம்பர் 24 தேதியிட்ட கோப்பில், ஆட்டத்தின் நடுவே ஒருவன் மிஸ்பா அவுட் என்று தட்டுகிறான். அடுத்த பல வரிகளுக்கு யாரும் யாரையும் சுடவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஜோகிந்தர் சர்மா பந்தில் ஸ்ரீசாந்த் பிடித்த அந்தக் கேட்சோடு முதல் டி20 உலகக்கோப்பையை இந்தியா ஐந்து ரன்னில் வென்ற நாள் அது. பதிவில் இருக்கும் இரவு நேரமும் பொருந்துகிறது. கடிகாரம் சரி.

நாற்காலியின் பெயர், ஆளின் பெயர்

இப்போது ஆட்களுக்கு வருவோம். பிரவுசிங் சென்டரில் ஆட்டக்காரரின் பெயர் அந்த சிஸ்டத்தின் கோப்பில் தங்கிவிடும். அடுத்து உட்காருகிறவர் மாற்றாவிட்டால் முன்னவர் பெயரிலேயே சுடுவார், சாவார். ஆகவே பதிவில் ஒரு பெயர் ஐந்து மணி நேரம் தொடர்ந்து வந்தால், அது ஆளின் பெயர் என்பதைவிட நாற்காலியின் பெயர் என்று கொள்வதே பொருத்தம். அணி ஆட்டங்களில் மட்டும் பெயரை மெனக்கெட்டு மாற்றுவார்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் பக்கம் மாறுகின்றன. அப்போது ஒன்றாகவே மாறுகிற ஐந்து பெயர்களைத் தேடினால் ஓர் அணி கிடைக்கும். இந்த வடிகட்டலுக்குத் தப்பிய கோப்புகளை மட்டும் கணக்கில் எடுத்தேன்.

நடுநடுவே அணியில் சேராத விருந்தாளிகளும் வந்தார்கள். சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களோடு துணைக்கு வந்து, காந்தி ரோடு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கிய வங்காளப் பையன்கள். ஒருவன் சில வாரங்கள் மட்டும் தோன்றி, எல்லோரையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பதிவிலிருந்து மறைந்துவிடுகிறான். இரு தரப்புக்கும் அவனை நினைவிருக்கிறது. அவனைத் தங்கள் ஆள் என்று சொல்வதில் மட்டும் இருவருக்கும் தயக்கமே இல்லை.

வரிசை எண்படி படிக்கும்போது டேக் மூன்று அடுக்காக வந்தது. மேல் அடுக்கில், அதாவது தேதி ஒழுங்கான காலத்தில், டேக்கோடு ஆடிய ஐவரையும் இரு தரப்பும் அடையாளம் சொன்னார்கள். இருவர் காட்பாடி, இருவர் சத்துவாச்சாரி. ஐந்தாமவர் இப்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். விளையாட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் கீழ் அடுக்கில், புத்தாண்டு தேதிக் கோப்புகளின் பிற்பகுதியில், அதே டேக்கோடு வேறு ஐந்து பெயர்கள். இவற்றில் ஒன்றுதான் மேல் அடுக்கிலும் இருக்கிறது: அதே ஆம்பூர்க்காரர். மற்ற நால்வரும் கோட்டைக்கு அருகிலிருந்த கல்லூரி மாணவர்கள், கடையின் அக்கம்பக்கத்துப் பையன்கள். இவர்களை இன்றைய இரு கிளான்களிலும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கேடயப் புகைப்படத்தில் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காதவன்தான் அந்த ஆம்பூர்க்காரர். கூட இருப்பவர்கள் இந்த நால்வர். காட்பாடித் தரப்பு தங்கள் படம் என்று கொண்டுவந்த படத்தில் காட்பாடிக்காரர் ஒருவரும் இல்லை.

அடி அடுக்குதான் யாரும் எதிர்பாராதது. மிகச் சிறிய வரிசை எண்களில் டேக் வருகிறது, ஆனால் பக்கத்தில் பெயருக்குப் பதில் வெறும் எண்: 1, 2, 3 என்று 10 வரை. சிஸ்டம் எண்கள். கடைக்காரரிடம் கேட்டதும் சிரித்துவிட்டார். ரயில் நிலையப் பக்கம் இருந்த இன்னொரு கடையோடு முதன்முதலாக மேட்ச் வைத்தபோது, தன் கடைப் பையன்களைத் தனியாகத் தெரிய வேண்டும் என்று அவருடைய தம்பி எல்லா சிஸ்டத்திலும் அந்த டேக்கைப் போட்டாராம். தோற்ற கடைப் பையன்கள் இரண்டு கடையின் மணிக்கட்டணத்தையும் கொடுக்க வேண்டும் என்பது பந்தயம். யார் கட்டினார்கள் என்பது அவருக்கு இப்போது நினைவில்லையாம். நான் நம்பவில்லை; கடைக்காரர்கள் மறக்காத கணக்கு அது.

ஒரே எழுத்துப் பிழை

இந்த இடத்தில் சத்துவாச்சாரித் தரப்பு கடைசி அஸ்திரத்தை எடுத்தது. அவர்களில் ஒருவர் பென் டிரைவில் காத்து வைத்திருந்த ஆட்ட அமைப்புக் கோப்பு. எந்த விசையை அழுத்தினால் எந்தத் துப்பாக்கி வாங்கும், எந்த விசைக்கு அணிக்கு என்ன செய்தி போகும் என்றெல்லாம் அவரவர் எழுதி வைத்துக்கொள்ளும் கோப்பு அது. அதில் "பின்னால் வா" என்ற செய்தி ஆங்கில எழுத்துகளில் ஓர் எழுத்து இடம் மாறித் தப்பாக இருக்கிறது. காட்பாடிக்காரரின் பழைய கோப்பிலும் அதே செய்தி, அதே விசையில், அதே பிழையோடு.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்கள் இந்த முறையை நன்கு அறிவார்கள். சரியான பாடம் இரண்டு ஏடுகளில் ஒன்றாக இருப்பதால் எதுவும் நிரூபணம் ஆகாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று. அந்த வகையில் இரு கோப்புகளும் ஒரே தாய்க்கோப்பின் பிள்ளைகள். ஆனால் அந்தத் தாய் எங்கே இருந்தது? கடைக்காரரின் டிஸ்க்கிலேயே, புதிதாக சிஸ்டம் போடும்போது பத்துப் பெட்டிகளுக்கும் பிரதி எடுக்க வைத்திருந்த அடைவுக்குள், பிழை மாறாமல் இருந்தது. அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த யார் வேண்டுமானாலும் அதைப் பென் டிரைவில் எடுத்துப் போயிருக்கலாம். சத்துவாச்சாரிக் கோப்பில் 'திருத்திய தேதி' 'உருவாக்கிய தேதி'யைவிடப் பழையதாக இருக்கிறது. விண்டோஸில் ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் இப்படித்தான் ஆகும். பிழை கடையைக் காட்டுகிறதே தவிர அணியைக் காட்டவில்லை.

செல்போன் காலம்

பிரிவு நடந்த கதை சின்னது. கடை மூடியது. கல்லூரி முடிந்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். சத்துவாச்சாரிக்காரர்கள் கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் பழைய டேக்கைப் பெயராக வைத்து ஐம்பது பேர் இடமுள்ள கிளானைத் தொடங்கினார்கள். 2013 முதலே கிளான் போர்களில் வென்றிருப்பதாகச் சொன்னார்கள். கிளான் போர் விளையாட்டுக்குள் வந்ததே 2014 ஏப்ரலில். அவர்களுடைய மிகப் பழைய திரைப்பிடிப்பின் கோப்புப் பெயரிலும் 2014தான் இருக்கிறது. அந்த விளையாட்டில் கிளானின் பெயரை உறுப்பினர்கள் மாற்ற முடியாது, தலைமையை மட்டும் கைமாற்றலாம். ஆகவே பெயர் பழையது என்பதும் ஆட்கள் பழையவர்கள் என்பதும் வேறு வேறு. உறுப்பினர்களில் மேல் அடுக்கு ஐவரைச் சேர்ந்தவர்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் தெருக்காரர்கள், மைத்துனர்கள், அலுவலக நண்பர்கள்.

காட்பாடிக்காரர்கள் 2018இல் பப்ஜி மொபைல் வந்ததும் மீண்டும் சேர்ந்தார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் வந்தபோது கணக்குகளை மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். சிலர் மாற்றினார்கள், பலர் விட்டுவிட்டார்கள். 2022 ஜூலையில் அதுவும் முடங்கியது, அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பியது. இந்தக் கண்ணாமூச்சியில் அவர்களுடைய பட்டியல் மூன்று முறை கலைந்திருக்கிறது. பெயரை வைத்துத் தேடவும் முடியவில்லை. டேக்குக்கும் பெயருக்கும் நடுவில் கொரிய எழுத்துத் தொகுதியைச் சேர்ந்த, கண்ணுக்கே தெரியாத ஒரு நிரப்பெழுத்தை அழகுக்காகச் செருகி வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெயர்கள் தேடலில் ஒன்றாகாது. இங்கும் பழைய ஐவரில் இருவர்.

எழுதிக் கொடுத்தது

டேக்கைத் தொடங்கியது கடை. முதல் அணி கல்லூரிப் பையன்களுடையது. இரண்டாம் அணியிலிருந்து இரண்டு கிளான்களும் கிளைத்தவை. ஐவரில் மூவர் என்ற அளவுகோலை இரண்டுமே எட்டவில்லை, முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் இடையிலேயே அது அறுந்துவிட்டது. தொடக்க ஆண்டு 2003க்கு முன்னால் போகாது, 2006க்குப் பின்னால் வராது. இவ்வளவுதான் நான் எழுதிக் கொடுத்தது. எந்த ஒரு ஆண்டையும் ஜெர்சியில் போட ஆதாரமில்லை என்றும் கீழே குறித்தேன்.

காட்பாடித் தரப்பு ஏற்றுக்கொண்டது. சத்துவாச்சாரித் தலைவர், ஆம்பூர்க்காரரைத் தங்கள் கிளானில் சேர்த்துவிட்டால் மூவர் ஆகிவிடுமே என்று கேட்டார். விதிப்படி அது சரிதான் என்று சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை. அன்று மாலையே காட்பாடிக்காரர்களும் ஆம்பூருக்கு பஸ் ஏறினார்கள். அந்த மனிதர் இரு தரப்புக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்றால் என்னவென்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஜெர்சி ஆண்டு இல்லாமல் அச்சாகிவிட்டது. கோப்புகளின் பிரதிகளை இரு தரப்புக்கும் தனித்தனி டிஸ்க்கில் கொடுத்திருக்கிறேன், கடைக்காரருக்கும் ஒன்று. இதற்கிடையே குடியாத்தத்திலிருந்து ஒருவர் பேசினார். அதே டேக் தங்கள் ஊர் அணியுடையது என்றும், பிழையோடு கூடிய அதே அமைப்புக் கோப்பு தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார். அந்தக் கோப்பு போதாது, அவர்கள் ஆடிய கடையின் சர்வர் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.